கம்பெனி சாமானில் கை வைக்கலாம்

"கம்பெனிக்காரன் கணக்குப் பண்ணி வெச்சது மக்கா, அதுல கை வெக்காண்டாம்." நாகர்கோவில் பக்கம் கிதார் வாங்குகிற எந்தப் பையனும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் புத்திமதி இது. கடைக்காரர் சொல்வார், சபையில் பாடகர் குழுவை நடத்துபவர் சொல்வார், வருடக்கணக்காக வாசித்துவரும் அண்ணன்மார் சொல்வார்கள். கம்பி உயர்ந்துபோய் விரல் நுனியை அறுத்தாலும், கம்பி மாட்டுகிற டெயில்பீஸ் துருவேறி இற்றாலும் வந்தது வந்தபடியே இருக்க வேண்டுமாம். தாங்க முடியாமல் போனால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்க வேண்டுமாம். இதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு நம்பிக்கைகள் வரும். கிதாருக்கு மேப்பிளும் எபனியும்தான் மரம், நம்மூர்த் தடி கட்டிலுக்கும் கதவுக்கும் ஆனது என்பது ஒன்று. நம்மூர் ஆசாரிக்கு நிலை வைக்கத் தெரியும், வாத்தியம் தெரியாது என்பது மற்றொன்று.

மூன்றும் தவறு என்பது என் கட்சி. எல்லா வகைக் கிதாரையும் பற்றி இங்கே பேசவில்லை. ஆர்ச்டாப் கிதாரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மரவேலைக்காரன் கைபடுவதற்கென்றே அமைந்த கிதார் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆர்ச்டாப் என்பது வயலினைப் பார்த்துச் செய்த கிதார். முகப்பலகை தட்டையாக இராமல் நடுவில் மேடிட்டு வளைந்திருக்கும். நடுவே வட்டத்துளைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் எஃப் எழுத்தின் வடிவில் துளை இருக்கும். அமெரிக்காவின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் 1890-களில் தடித்த பலகையைக் குடைந்து இந்த வளைவைச் செய்தார்; அதே முறையில் செய்த மாண்டலினுக்கு 1898-இல் காப்புரிமையும் வாங்கினார். எஃப் துளை வைத்த எல்-5 கிதார் 1922-இல், லாயிட் லோர் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் வந்தது. இன்று நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்தவை. ஆனாலும் அமைப்பு அதேதான்.

அந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது இது. சாதாரணக் கிதாரில் பிரிட்ஜ் முகப்பலகையோடு பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். பிடுங்கினால் பலகையும் பெயரும். ஆர்ச்டாப்பில் பிரிட்ஜுக்குப் பசையும் கிடையாது, திருகாணியும் கிடையாது. வீணையின் குதிரையைப் போல முகப்பலகை மேல் சும்மா நிற்கிறது. கம்பியின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கம்பியைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். டெயில்பீஸ் பின்முனையில் சில திருகாணிகளில் தொங்குகிறது. விரல் உரசாமலிருக்க வைத்த பிக்கார்டு பக்கவாட்டில் சின்னத் தாங்கியில் நிற்கிறது. கழற்றி மாட்டும்படி செய்து அனுப்பிய உறுப்புகளைக் கழற்றக் கூடாது என்பது என்ன நியாயம்?

"கணக்குப் பண்ணி வெச்சது" என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கு என்னவென்று பார்த்தால் கம்பெனியின் கணக்கில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியும். 12 கேஜ் எஃகுக் கம்பி செட் ஒன்றை இருபத்தைந்தரை அங்குல நீளத்தில் சுருதி சேர்த்தால் ஆறு கம்பிகளின் மொத்த இழுவை சுமார் 70 கிலோ. பிரிட்ஜைத் தாண்டி டெயில்பீஸுக்கு இறங்கும்போது கம்பி ஏறக்குறைய 14 டிகிரி முறிகிறது என்று வைத்துக்கொண்டால், பிரிட்ஜ் முகப்பலகையைக் கீழே அழுத்தும் விசை 17 கிலோ அளவில் வரும். கம்பியின் அதிர்வு பலகைக்குப் போய்ச்சேர முக்கிய வழி, அந்தப் பிரிட்ஜின் இரண்டு கால்கள்தான். கால் பலகையின் வளைவோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்து அனுப்புகிற தொழிற்சாலையில், உங்கள் கிதாரின் வளைவுக்கு உங்கள் பிரிட்ஜின் காலை யாரும் உட்கார்ந்து இழைப்பதில்லை. பொதுவான ஒரு வளைவில் வெட்டிப் பெட்டியில் போடுகிறார்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த மலிவு விலை ஆர்ச்டாப்களில் பெரும்பாலானவற்றில், பிரிட்ஜ் காலின் நடுப்பகுதிக்கும் பலகைக்கும் இடையில் காகிதம் தாராளமாக நுழைந்தது. விளிம்பு மட்டும் பட்டுக்கொண்டு நின்றது. கம்பெனியின் கணக்கு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. மீதிக் கணக்கை வாங்கியவன்தான் போட வேண்டும்.

சரி, அந்தக் கம்பெனிகள் அண்ணாந்து பார்க்கிற ஆர்ச்டாப்களைச் செய்தது யார்? நியூயார்க்கின் கென்மேர் தெருவில் ஒரு சின்னக் கடையில் ஜான் டி ஏஞ்சலிகோ 1932 முதல் 1964-இல் சாகும்வரை செய்தவை 1,164 கிதார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். தொழிற்சாலை கிடையாது, கூடமாட இருந்தது ஒன்றிரண்டு பேர். அவரிடம் தொழில் கற்ற ஜிம்மி டி அக்விஸ்டோ, உலோக டெயில்பீஸை விட்டுவிட்டு எபனி மரத்தில், அதாவது நாம் கருங்காலி என்கிற சாதியில், டெயில்பீஸ் செதுக்கி வைத்தார். பிரிட்ஜும் பிக்கார்டும்கூட மரம்தான். அவர் வைத்த வடிவத்தைத்தான் இன்றைக்கு விலை உயர்ந்த ஆர்ச்டாப் செய்பவர்கள் பின்பற்றுகிறார்கள். கம்பெனி சாமானைப் பூஜை செய்பவர்கள் உச்சியில் வைத்துப் பார்க்கும் கிதாரே தனி ஆள் ஒருவர் உளியும் அரமும் வைத்துச் செய்த மர உறுப்புகளோடுதான் இருக்கிறது.

அதற்கும் மேலே போனால் ஸ்ட்ராடிவேரி வயலின். உலகத்தில் விலைமதிப்பில்லாத வாத்தியம் என்றால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். இன்று மேடையில் ஒலிக்கும் ஸ்ட்ராடிவேரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கழுத்து பிற்காலத்தில் மாற்றப்பட்டது அல்லது நீட்டப்பட்டது. உள்ளே இருக்கும் பாஸ் பார் மாற்றப்பட்டது. விரற்பலகை, குதிரை, டெயில்பீஸ், முறுக்காணிகள் எதுவும் ஸ்ட்ராடிவேரி வைத்தவையாக இல்லை. காலத்துக்கேற்ற சுருதிக்கும் பெரிய அரங்குகளுக்கும் ஏற்ப ஊர் ஊராகப் பட்டறைக்காரர்கள் மாற்றினார்கள். அப்படி மாற்றியதால்தான் முன்னூறு வருடத்து வயலின் இன்றைய கச்சேரிக்கு ஆகிறது.

நம் வீட்டு வீணையைக் கேட்டாலும் இதையே சொல்லும். மெழுகு இளகிப் போனால் மேளம் கட்டுகிறோம். பித்தளைப் படிகளை எடுத்து, மெழுகைக் காய்ச்சி, திரும்பவும் சுரம் பார்த்துப் பதிக்கிறோம். குதிரைமேல் உள்ள தகடு தேய்ந்தால் ராவுகிறோம். பிருடை நழுவினால் புதிதாகக் கடைகிறோம். வீணை வைத்திருக்கும் எவரும் இதைக் கெடுதலாக நினைப்பதில்லை. செய்யாமல் விட்டால்தான் வீணை கெட்டுப்போனது என்பார்கள். ஐரோப்பிய வயலினைப் பாலுசுவாமி தீட்சிதரும் வடிவேலுவும் எடுத்தபோது சுருதி சேர்க்கும் முறையையே நம் இசைக்காக மாற்றிவிட்டார்கள். வடிவேலு இருந்தது திருவிதாங்கூர் அரசவையில். நாஞ்சில் நாடு அப்போது அந்த அரசின் கீழ்தான் கிடந்தது. அந்த மண்ணில் நின்றுகொண்டு, வெளியூரிலிருந்து வந்த வாத்தியத்தைத் தொடக்கூடாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இவ்வளவும் பழங்கதை என்பவர்களுக்கு நம் காலத்துச் சான்று ஜெய்ப்பூரில் இருக்கிறது. விஸ்வமோகன் பட் ஆர்ச்டாப் கிதாரை எடுத்து மடியில் கிடத்தி, அதன் கழுத்தோரம் தனியாக ஒரு மரத்துண்டைச் சேர்த்துப் பக்கக் கம்பிகளுக்கான முறுக்காணிகளை அதில் வரிசையாக வைத்தார். கழுத்தின் பின்னால் ஒரு சுரைக்குடத்தைத் திருகினார். வாசிப்புக் கம்பி 3, சுருதிக் கம்பி 5, அடியில் ஒலிக்கும் தரப் கம்பி 12, ஆக 20. அத்தனை கம்பியின் இழுவை 500 பவுண்டுக்கு மேல் என்பார்கள். கிலோவில் ஏறக்குறைய 225. கம்பெனி போட்ட கணக்கைப்போல மூன்று மடங்கு. அதற்கு மோகன வீணை என்று பெயர் வைத்தார். அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து அதில் வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' 1994-இல் கிராமி விருது வாங்கியது. கை வைக்காதே என்ற சொல்லுக்கு அவர் பணிந்திருந்தால் அந்த வாத்தியமே பிறந்திருக்காது.

அடுத்தது மரம். இதில்தான் நம் ஆட்களுக்குத் தாழ்வு மனப்பான்மை அதிகம். ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ், இன்றைய கிளாசிக்கல் கிதாரின் உருவத்தை வகுத்தவர். அவர் 1862-இல் ஒரு கிதார் செய்தார். முகப்பலகை மட்டும் மரம், பின்னும் பக்கமும் காகிதக் கூழ் அட்டை. அமெரிக்காவில் பாப் டெய்லர் 1995-இல் சரக்கு ஏற்றும் பேலட் கட்டையை உடைத்துக் கிதார் செய்து காட்டினார். ஆர்ச்டாப் செய்வதில் பெரிய கை என்று பெயரெடுத்த பாப் பெனடெட்டோ, முடிச்சு விழுந்த சாதாரணப் பைன் பலகையில் ஆர்ச்டாப் செய்து, மரத்தைவிடச் செய்கிறவன் கையே பெரிது என்று நிறுவினார். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்களில் அமைந்த ஆறு கிதார்களை, எது எந்த மரமென்று கண்ணுக்குத் தெரியாதபடி 52 கிதார் கலைஞர்கள் கையில் கொடுத்தார்கள். அரிதான பிரேசில் ரோஸ்வுட்டும் மலிவான சாபெலியும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கின.

அந்த ஆய்வு பின்பலகையைப் பற்றியது. பிரிட்ஜுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜில் மரம் மாறினால் ஒலி மாறத்தான் செய்யும். எடை குறைந்த பிரிட்ஜ் வைத்தால் சத்தம் சட்டென்று, உரக்க எழும்பிச் சீக்கிரம் அடங்கும். கனத்த பிரிட்ஜ் சத்தத்தை மட்டுப்படுத்தி, நீளமாக இழுத்துக்கொண்டு போகும். ஆனால் இது எடையையும் கடினத்தையும் பொறுத்த விஷயம். மரம் எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என்பதைத் தராசு கேட்காது. நம்மூரில் பிலா, அதாவது பலா, இருக்கிறது, அயனி இருக்கிறது, ஈட்டி இருக்கிறது, கருங்காலி இருக்கிறது. பிலாவின் காதல், அதாவது வைரப்பகுதி, எடை குறைவு, ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் கோணாது. பண்ருட்டிப் பலாவில்தான் மிருதங்கக் கட்டையும் வீணைக் குடமும் செய்கிறார்கள். ஒலிக்கு ஆகாத மரம் என்று அதைச் சொல்ல முடியுமா? கருங்காலியோ தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். கோட்டுவாத்தியக்காரர்கள் கம்பிமேல் நகர்த்தும் கட்டையை அந்த மரத்திலும் செய்வார்கள். அயனியில் வள்ளம் கட்டி நம் ஆட்கள் கடலுக்கே போனார்கள்.

பிலாவில் மட்டும் பிரிட்ஜ் செய்தால் கம்பி நாளடைவில் மரத்தை அறுத்து இறங்கிவிடும். அதற்கும் விடை வீணையிலேயே இருக்கிறது. வீணைக் குதிரைக்கு உடல் மரம், தலையில் பித்தளைத் தகடு. அதேபோல ஆர்ச்டாப்புக்குக் காலும் உடலும் பிலாவில், கம்பி தொடும் தலை மட்டும் ஈட்டியிலோ கருங்காலியிலோ வைக்கலாம். எடையும் குறையும், தலையும் தேயாது. கருங்காலி வாங்குபவர்கள் ஈரத் துணியால் ஒரு தேய் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். கருங்காலி மாலை வியாபாரம் சூடுபிடித்த பிறகு, சாயம் போட்ட கட்டையும் அந்தப் பெயரில் விற்கிறது. ஈட்டிக்காக யாரும் மரம் வெட்டக் கூடாது. அதைக் காக்க 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். நமக்கு வேண்டியது ஒரு சாண் கட்டை. பழைய வீடு பொளிக்கிற இடத்தில் கட்டில் கால், ஜன்னல் அழி, உத்திரத் துண்டு என்று தலைமுறைக் கணக்கில் காய்ந்த தடி கிடைக்கிறது. இரண்டு பருவமழையையும் எத்தனையோ வருடம் பார்த்துக் காய்ந்த கட்டை இனிமேல் எங்கே கோணப்போகிறது?

மூன்றாவது, ஆசாரிக்கு வாத்தியம் தெரியாது என்பது. இதைக் கேட்கும்போதுதான் எனக்கு மெய்யாகவே கோபம் வருகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்து மச்சில், ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் பூ செதுக்கிய கைகளின் வழிவந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இன்றும் பட்டறை வைத்திருக்கிறார்கள். வில்லுப்பாட்டுக்கு வில் செய்தது யார்? கோயில் வாகனமும் தேவாலயத்தின் பிரசங்க மேடையும் யார் கையில் உருவானவை?

வடசேரிப் பக்கம் ஒரு பட்டறையில் என் கிதாருக்கு ஈட்டியில் பிரிட்ஜ் செய்தபோது நான் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஆசாரி அதற்குமுன் ஆர்ச்டாப் கிதாரைத் தொட்டது கிடையாது. கிதாரைத் துணி விரித்துக் கிடத்தி, முகப்பலகையின் வளைவை உள்ளங்கையால் இரண்டு மூன்று தடவை தடவினார். ஓர் அட்டையை வெட்டி வெட்டி வளைவுக்கு அச்சு எடுத்தார். கட்டையைச் சீவி அந்த அச்சுக்குக் காலை இறக்கினார். பிறகு பலகையில் மெருகு கெடாதபடி மெல்லிய காகிதத்தைப் படிய ஒட்டி, அதன்மேல் கார்பன் தாளை வைத்து, பிரிட்ஜை அழுத்தி எடுத்தார். எங்கே முட்டுகிறதோ அங்கே நீலம் படிந்திருந்தது. நீலம் பட்ட இடத்தை உளி முனையால் சுரண்டினார். திரும்ப வைத்தார், எடுத்தார், சுரண்டினார். முதலில் நான்கு புள்ளியாக இருந்த நீலம் மெல்ல மெல்லக் கால் முழுவதும் பரவியது. கடைசியில் உப்புத்தாளைப் பலகைமேல் கிடத்தி, கம்பி ஓடும் திசையில் மட்டும் பிரிட்ஜை நாலு இழுப்பு இழுத்தார். "கால் இருந்தாச்சு. இனி உயரம் நீங்க சொல்லணும்" என்றார். கதவுப் பலகையை நிலையோடு காற்றுப் புகாமல் சேர்க்க அவர் செய்வதும் இதே வேலைதான். வயலின் பட்டறைகளில் குதிரைக்குக் கால் இறக்குவதும் இப்படி முட்டுப் பார்த்துச் சுரண்டித்தான்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு கம்பிக்கும் தலைவிளிம்பு எங்கே முன்னால் வர வேண்டும், எங்கே பின்னால் போக வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அது வாசிப்பவனின் வேலை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த சுரமும், அதே இடத்தில் விரலை மெல்லத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக் சுரமும் ஒன்றாக வர வேண்டும். டியூனரை வைத்துக்கொண்டு நான் பென்சிலால் கோடு போட்டேன். அவர் அரத்தால் அந்தக் கோட்டுக்கு இறக்கினார். வாசிப்பவனும் மரவேலைக்காரனும் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய காரியம் இது. இரண்டு பேரையும் பிரித்து வைத்துவிட்டு ஒருவருக்கு வாத்தியம் தெரியாது என்பது அநியாயம்.

டெயில்பீஸுக்கு வருகிறேன். அதை மரத்தில் மாற்றினால் ஒலி தலைகீழாக மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உலோகத் தகடு சேர்ந்து அதிர்ந்து எழுப்பும் சலசலப்பு போகும். உயரத்தை மாற்றி, கம்பி முறியும் கோணத்தை நம் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒலியில் வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் குளச்சலிலோ முட்டத்திலோ மணவாளக்குறிச்சியிலோ இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. கடற்காற்றின் உப்பு, முலாம் பூசிய மெல்லிய தகட்டை நிம்மதியாக விடாது. முதலில் புள்ளி விழும், பிறகு முலாம் உரியும், கடைசியில் கம்பி மாட்டும் கொக்கியே இற்று முறியும். புதிது வாங்கி மாட்டினாலும் அதே கதி. காய்ந்த ஈட்டிக் கட்டைக்கு உப்புக்காற்று ஒரு பொருட்டில்லை.

ஒரு எச்சரிக்கை வேண்டும். 70 கிலோ இழுவையைத் தாங்குகிற உறுப்பு இது. கட்டையில் முடிச்சோ வெடிப்போ இருக்கக் கூடாது. இழை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். கம்பிக் குண்டு உட்காரும் ஆறு துளையையும் ஒரே கோட்டில் போட்டால் இழையோடு பிளந்துவிடும். முன்னும் பின்னுமாகப் போட வேண்டும், அல்லது உள்ளே ஒரு பித்தளைப் பட்டை வைக்க வேண்டும். பின்முனையில் பித்தளைக் கீல் நல்லது.

இனி மறுவிற்பனை. கை வைத்தால் விலை போகாது என்கிறார்கள். நான் சொல்கிற எந்த மாற்றத்துக்கும் கிதாரின் உடலில் ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டியதில்லை. பழைய பிரிட்ஜையும் டெயில்பீஸையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். விற்கிற அன்று அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம். முகப்பலகையைச் சுரண்டி மெலிதாக்குவது, எஃப் துளையை அகலப்படுத்துவது, கழுத்தை அறுப்பது இவற்றையெல்லாம் நானும் எதிர்க்கிறேன். 1920-களின் எல்-5 ஒன்று யாரிடமாவது இருந்தால் அதன் உறுப்புகள் அப்படியே காக்கப்பட வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் பிள்ளைகள் கையில் இருப்பது அதுவா? வேலைக்குப் போகும் அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய கிதார், கம்பி உயர்ந்துவிட்டதால் சபையின் பின்னறையில் உறையோடு சாய்ந்து கிடக்கிறது. அதை விற்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோனதே இந்தப் புத்திமதிதான். கால் படியாத பிரிட்ஜோடு வாசித்து, கம்பியோடு மல்லுக்கட்டி, தனக்கு வராது என்று நினைத்து விட்டுவிட்ட பையன்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நஷ்டமானது மறுவிற்பனை விலையைவிடப் பெரியது.

இதையும் மறுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரே கிதார், ஒரே கம்பி செட். கம்பெனி பிரிட்ஜை ஒரு முறையும், நம்மூர் ஆசாரி காலிறக்கிய பிரிட்ஜை ஒரு முறையும் மாட்டி, ஒரே உயரத்தில் வைத்து, ஒரே ஆளை வாசிக்கச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் திரைக்கு மறுபக்கம் உட்காரட்டும். எது எது என்று மாட்டியவருக்கு மட்டும் தெரியட்டும். கேட்டவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்த பிறகு வாருங்கள், பேசுவோம்.